சாட்சி போட்டாச்சா?

சாட்சிகள் இரண்டையும் எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டபோது காலை பதினொன்றரை மணி இருக்கும். பட்டறையில் வேறு யாரும் இல்லை. சகலை வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவுகிற ஆள் அவர். எப்படியும் மூன்று நிமிடம் ஆகும். எனக்கு மூன்று விநாடிகூட ஆகவில்லை.

சாட்சி என்றால் மனுஷ சாட்சி இல்லை. சுண்டுவிரல் நுனி நீளத்துக்கு ஒரு இரும்பு முளை. இன்ஜினையும் கியர் பாக்ஸையும் சேர்க்கிற இடத்தில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று இரண்டு முளைகள் இருக்கும். சுற்றிலும் எட்டு போல்ட்டோ பத்து போல்ட்டோ போட்டு முறுக்கலாம். ஆனால் போல்ட் போகிற ஓட்டை எப்போதும் போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். போல்ட் இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். நேராகப் பிடிப்பது இந்த முளைகள். இவை இல்லாவிட்டால் இன்ஜின் ஒரு மையத்தில் சுற்றும். கியர் பாக்ஸ் அரை மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு மையத்தில் சுற்றும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே ஒன்றை ஒன்று தின்றுகொண்டிருக்கும்.

மற்ற பட்டறைகளில் இதற்கு வேறு பெயர். சாட்சி என்று பெயர் வைத்தவர் என் மாமனார். இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்வது கல்யாணம். இரண்டு சாட்சி கையெழுத்துப் போடாத கல்யாணம் செல்லாது என்பது அவர் சட்டம். இந்தப் பட்டறை அவருடையது. அவருடைய இரண்டு பெண்களும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, இங்கே இருக்கிற மர மேஜையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினார்கள். "சாட்சி போட்டாச்சாப்பா?" என்று மூத்தவள் ஆறு வயதிலேயே கேட்பாளாம். மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வார்த்தை போகவில்லை.

அந்த மூத்தவளைக் கட்டியவன் நான். பட்டறைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். இன்ஜின் வேலை என்னுடையது. இளையவளைக் கட்டியவர் ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு, பழைய லேத் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். என்னைவிட ஏழு வயது சின்னவர். என்னை அண்ணே என்பார். நான் அவரைச் சகலை என்பேன். மரியாதைக்குக் குறைவில்லை.

பழைய வண்டிகளில் ஒரு தொல்லை உண்டு. இன்ஜின் போய்விட்டால் அதே இன்ஜின் கிடைக்காது. செய்த கம்பெனியே இருக்காது. கிடைத்த இன்ஜினைக் கொண்டுவந்து, இருக்கிற கியர் பாக்ஸோடு சேர்க்க வேண்டும். ஓட்டைக்கு ஓட்டை பொருந்தாது. தண்டின் பல்லுக்குப் பல் பொருந்தாது. கியர் பாக்ஸின் மூக்கு இன்ஜினின் பின்புறக் குழிக்குள் போய் உட்கார வேண்டும். ஒன்று மூக்கு நீளமாக இருக்கும் அல்லது குழி அகலமாக இருக்கும். மாமனார் காலத்தில் இப்படி வண்டி வந்தால், "வித்துட்டு வேற வாங்கிக்கங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். சகலை வந்த பிறகு அனுப்புவதில்லை. ஊரில் எங்கெங்கோ செத்துக்கிடந்த வண்டிகள் எல்லாம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தன. வந்தவர்கள் வாசலில் நின்று, நான் நடு வாசலில் நிற்கும்போதே, என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அவர் இல்லையா?" என்றார்கள்.

முதல் ஒரு வருஷம், "எவர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

ரொட்டிக்கடை அம்மாவும் அப்படித்தான் கேட்டார். மூன்று தெரு தள்ளி அவருக்கு ஒரு பேக்கரி. முப்பத்தைந்து வருஷத்து வேன் ஒன்றில் கடைகடையாக ரொட்டி போடுவார். அவரே ஓட்டுவார். இன்ஜின் விரிசல் விட்டு, தண்ணீரும் எண்ணெயும் ஒன்றாகக் கலந்து வந்து நின்றது.

"அவர் இல்லையா?"

"நான் இருக்கேன். சொல்லுங்க."

"இல்ல, இன்ஜின் மாத்தணும்னு சொல்றாங்க. இதுக்கு வேற இன்ஜின் சேராதாம். அவர்தான் சேத்து வெப்பாராமே."

"சேத்து வெக்கறதுக்கு முன்னாடி சேக்கறதுக்கு ஒரு இன்ஜின் வேணுமில்லம்மா. அதை நான்தான் பாக்கணும்."

"பாருங்க பாருங்க. அவர் எப்ப வருவார்?"

இன்ஜினை நான்தான் பார்த்தேன். பழைய இரும்புக் கிடங்கில் மூன்று நாள் அலைந்து, ஒரு குட்டி லாரியின் இன்ஜினைக் கண்டுபிடித்தேன். கொண்டுவந்து முழுக்கப் பிரித்தேன். பிஸ்டன் வளையம் மாற்றினேன். எட்டு வால்வையும் ஒவ்வொன்றாக உட்காரவைத்துத் தேய்த்து, மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு சொட்டு ஒழுகுகிறதா என்று பார்த்து, மறுபடி தேய்த்தேன். பதினொரு நாள். மூடி போட்டு முடித்ததும் அது வெறும் இரும்புப் பெட்டியாக நின்றது. இன்ஜின் வேலையின் விதி அது. செய்தது எல்லாம் உள்ளே போய் மூடிக்கொள்ளும்.

சகலையின் வேலை அப்படி இல்லை. அது ஒரு காட்சி. அந்த அம்மாவின் கேக் பெட்டி அட்டை இரண்டு வாங்கிக்கொண்டார். இன்ஜினின் பின்முகத்தில் கிரீஸ் தடவி ஒரு அட்டையை வைத்து அழுத்தினார். கியர் பாக்ஸின் முகத்தில் இன்னொன்று. கைரேகை எடுத்த மாதிரி ஓட்டைகள் எல்லாம் கருப்பு வட்டமாக அட்டையில் பதிந்தன. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தலையைச் சாய்த்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாப்பாடு கொண்டுவந்த என் மனைவியும் கேரியரைக் கையில் பிடித்தபடியே அவர் பக்கத்தில் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"என்ன தம்பி, சேருமா?"

"பேசிப் பாக்கணும்க்கா. பொண்ணு வீட்டுல தண்டுக்குப் பத்துப் பல்லு. மாப்பிள்ளையோட கிளட்ச் பிளேட்டுல இருபத்தோரு பல்லு. அவ்வளவு பல்லோட வந்து சிரிச்சா பொண்ணு பயந்துக்காதா?"

"பல்லைப் புடுங்கிடுங்க."

"புடுங்கிட்டு, பத்துப் பல்லு செட்டு கட்டி வுட்ற வேண்டியதுதான்."

என் மனைவி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு இல்லை; தலையைப் பின்னால் தள்ளி, கேரியர் ஆட ஆட. இந்தச் சிரிப்பை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். வருஷம் நினைவுக்கு வரவில்லை. நானும் கிளட்ச் பிளேட்டைப் பற்றி வீட்டில் எத்தனையோ பேசியிருக்கிறேன். "கையைக் கழுவிட்டுப் பேசுங்க" என்பாள்.

சந்தேகம் என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி ஒன்று இருந்திருந்தால் பரவாயில்லை. சண்டை போட்டுவிடலாம், நாலு பேரைக் கூப்பிட்டு வைத்துப் பேசலாம். இது அதுவும் இல்லை. இதற்குப் பெயரே இல்லை. பெயர் இல்லாததை வயிற்றில் வைத்துக்கொண்டு எட்டு வால்வு தேய்ப்பது எப்படி என்று அந்தப் பதினொரு நாளில் கற்றுக்கொண்டேன்.

அந்த மாதம் சகலையின் மனைவி ஊரில் இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். பயிற்சிக்காக நாலு வாரம் வெளியூர் போயிருந்தாள். அதனால் சகலைக்கும் மதியச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து வந்தது. வழக்கமாக நான் காலையில் எடுத்துக்கொண்டு போகிற கேரியரை என் மனைவி ஒரு மணிக்குச் சூடாக அவளே கொண்டுவந்தாள். அது போகட்டும். சகலைக்கு வயிற்றுப்புண். காரம் ஆகாது.

இருபத்தோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் காரம் ஒத்துக்கொள்ளாது, கொஞ்சம் குறைத்துப் போடு என்று. "இது காரமா? எங்க வீட்டுல இதைக் குழந்தைக்கு ஊட்டுவாங்க" என்பாள். சகலைக்குச் சமைக்க ஆரம்பித்த முதல் நாளே குழம்பு வெளுத்தது. முதல் வாய் வைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரத்தால் இல்லை. அவ்வளவு இதமாக இருந்தது அந்தக் குழம்பு. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்படி மூன்றாவது வாரத்தில் ஒரு நாள்தான், முதலில் சொன்ன அந்தப் பதினொன்றரை மணி.

சகலை எல்லாம் முடித்திருந்தார். இரண்டு அட்டைகளின் ஓட்டைகளையும் ஒரே இரும்புத் தட்டில் கொண்டுவந்து, அந்தத் தட்டைக் கியர் பாக்ஸின் முகத்தில் பொருத்திவிட்டார். கிளட்ச் பிளேட்டுக்கு நடுவில் பத்துப் பல். மூக்குக்கு வெண்கலத்தில் ஒரு வளையம். சாட்சிகள் இரண்டையும்கூட அவரே கடைந்திருந்தார். இன்ஜின் பக்கம் தடிமனாக, தட்டுப் பக்கம் ஒல்லியாக, நடுவில் ஒரு படி வைத்து. எந்தக் கடையிலும் கிடைக்காத அளவு. வெள்ளி மாதிரிப் பளபளவென்று எண்ணெய்த் துணியில் சுற்றி என் கையில் கொடுத்து, "இன்ஜின் உங்க வீடு அண்ணே, நீங்களே அடிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கை கழுவப் போனார்.

அப்போது ரொட்டிக்கடை அம்மா வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்த்தார். என் தோளுக்கு மேலே பார்த்தார். குழாயடியில் நின்றவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அங்க இருக்கீங்களா. என்ன, கல்யாணம் இன்னிக்கா?"

"இன்னிக்குத்தாம்மா. மாப்பிள்ளை ஜம்முனு இருக்கார், எங்க அண்ணன் கைல குளிச்சுட்டு வந்திருக்கார்."

"அட, இன்ஜின் எங்க வேணா கெடைக்கும். ஒட்ட வெக்கத்தான் ஆள் வேணும்."

இவ்வளவுதான். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஒரு பொட்டலம் பன்னை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். சகலை இரண்டாவது முறையாகச் சோப்புப் போட்டார். என் கை சட்டைப்பைக்குப் போனது.

கியர் பாக்ஸை ஜாக்கில் ஏற்றி, சகலை வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினார். நான் முன்பக்கம் குனிந்து முகத்தோடு முகம் பார்த்துச் சேர்க்க வேண்டியவன்.

"அண்ணே, சாட்சி போட்டாச்சா?"

"ம்ம்."

ஒரு தள்ளு. மூக்கு உள்ளே போய், தட்டு இன்ஜினோடு ஒட்டிக்கொண்டது. வழக்கமாக முளைகள் ஓட்டையைத் தேடும். மரச் சுத்தியலால் அங்கங்கே தட்ட வேண்டியிருக்கும்.

"என்னண்ணே, இவ்வளவு லேசா உக்காந்துடுச்சு?"

"உங்க கணக்கு அப்படி" என்றேன்.

வண்டிக்கு அடியிலிருந்து அவர் சந்தோஷமாகச் சிரித்தது கேட்டது. நான் பாராட்டி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. எட்டு போல்ட்டையும் நானே முறுக்கினேன்.

வண்டி ஓடியது. என் இன்ஜின் ஒரு தட்டலில் எழுந்து பூனை மாதிரி உறுமியது. ரொட்டிக்கடை அம்மா மறுநாளே ஒரு கேக் கொண்டுவந்தார். மேலே கிரீமில், வளைந்து வளைந்து, "ஜோடி சேர்த்தவருக்கு" என்று எழுதியிருந்தது. ஒருமை. சகலை கத்தியை என்னிடம் நீட்டி, "நீங்க வெட்டுங்கண்ணே" என்றார். நான் வெட்டினேன். அந்த எழுத்தின் நடுவில் வெட்டினேன்.

சாட்சி பையில் போன அன்றே அந்தக் காக்கிச் சட்டையை வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியவன்தான், மறுபடி அதைத் தொடவில்லை. பையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பார்க்காமல் இருந்தால் இல்லாத மாதிரி இருந்தது. கொழுந்தியாள் பயிற்சி முடிந்து வந்துவிட்டாள். குழம்பு மறுபடி சிவந்தது. முன்னைவிடக் காரம் கூடியதாகத் தோன்றியது. வாயை ஊதிக்கொண்டு சாப்பிட்டேன். என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள், தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை.

பத்தாம் நாள் காலை வேன் வந்தது. இன்னொரு வண்டி இழுத்துக்கொண்டு வந்தது. ரொட்டிக்கடை அம்மா இடது கையில் கட்டுப் போட்டிருந்தார். மேட்டு ரோட்டில் ஏறும்போது கிளட்ச்சில் கடகடவென்று சத்தம் வந்து, கியர் விழாமல், வண்டி அப்படியே பின்னால் உருண்டிருக்கிறது. பிரேக்கை மிதித்து, ஸ்டீயரிங்கை ஒடித்து, ஒரு சுவரில் சாய்த்து நிறுத்தியிருக்கிறார். அதில் மணிக்கட்டு பிசகிவிட்டது. பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் யாரும் வராத நேரம்.

"உங்களை நம்பித்தானேங்க ஓட்டினேன்" என்றார் சகலையிடம். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சகலை வேனின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் காத்திருந்தேன். இன்ஜின் யார் செய்தது, போல்ட் யார் முறுக்கியது என்று ஒரு வார்த்தை வரும். வந்தால் நானும் பதிலுக்குக் கத்தலாம்.

"என் கணக்குத் தப்பும்மா" என்றார். "தட்டு நான் போட்டது. இன்ஜின்ல ஒரு குறையும் இல்ல. அண்ணன் வேலை சுத்தம். மையம் எங்கயோ எனக்குத் தவறிடுச்சு."

"கை சரியாக மூணு வாரம் ஆகுமாம்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போனார். போகும்போது, முதல் தடவையாக, என் முகத்தை நேராகப் பார்த்தார். "நீங்களாவது ஒரு தடவை பாத்திருக்கக்கூடாதா?"

நான் கேட்க ஆசைப்பட்ட வாக்கியம் கிட்டத்தட்ட அதுதான். உள்ளே ஏதோ குளிர்ந்தது. சத்தியமாகக் குளிர்ந்தது; மறைத்து என்ன ஆகப்போகிறது. ஒரு டீ ஆறுகிற நேரம் அந்தக் குளிர்ச்சி இருந்தது.

மத்தியானம் முழுக்கச் சகலை அந்த இரண்டு கேக் அட்டைகளையும் மேஜையில் விரித்து வைத்து அளந்துகொண்டிருந்தார். அளப்பார், எழுதுவார், அடிப்பார், மறுபடி அளப்பார். கணக்கு ஒவ்வொரு தடவையும் சரியாகவே வந்தது. வராமல் எங்கே போகும். சரியாக வரவர அவர் முகம் இருண்டுகொண்டே போனது. லேத்துக்குப் போய் ஒரு துண்டு இரும்பை மாட்டி, ஓட விடாமல் அப்படியே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"கண்ணு போயிடுச்சோ என்னவோ அண்ணே."

"அதெல்லாம் இல்ல."

"கணக்கு தப்புன்னா திருத்திக்கலாம். சரியா இருக்கிற கணக்கு தப்பா போச்சுன்னா அப்புறம் எதை நம்பறது? பழைய கம்பெனில கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காங்க. அங்க போனா அவங்க குடுத்த படத்தைப் பாத்து வெட்டிப்போட்டா போதும். யார் கையும் ஒடியாது." சிரிக்கப் பார்த்தார். "லேத்து இங்கயே இருக்கட்டும். உங்களுக்கு உதவும்."

அவர் போய்விடுவார். வாசலில் வந்து நிற்கிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். குழம்பு யாருக்காக வெளுக்கிறது என்ற கவலை இல்லை. பட்டறை மறுபடி அமைதியாகிவிடும். நான் விரும்பியது அத்தனையும் என் முன்னால் தட்டில் வைத்து நீட்டப்பட்டிருந்தது. எனக்கோ, எப்படியாவது அந்தக் கியர் பாக்ஸை அவர் வருவதற்கு முன்னால் இறக்கி, முளைகளை அடித்துவிட்டு, பேரிங் மேல் பழி போட்டுவிட வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது. காலையில் சீக்கிரம் வந்துவிடலாம். யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் கதவுக்குப் பின்னால் போனேன். காக்கிச் சட்டை ஆணியில் இல்லை. அலமாரியில் இருந்தது. துவைத்து, தேய்த்து, மடித்து, பொத்தான்வரை போட்டு. பையில் கைவிட்டேன். மொடமொடவென்று துணி.

துவைக்கிற கல்லடியில் பார்த்தேன். சோப்புப் பெட்டியில் பார்த்தேன். ஆணி, கொக்கி போட்டுவைக்கிற தகர டப்பாவைக் கட்டிலில் கொட்டித் தேடினேன். என் மனைவி வாசற்படியில் வந்து நின்றாள்.

"என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. ஒரு ஸ்க்ரூ."

"ஸ்க்ரூவா?"

"ஆமா. ரெண்டு ஸ்க்ரூ. சட்டைப்பைல இருந்துது."

"ஸ்க்ரூன்னா டப்பாலதான் போட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எனக்கு அப்போது புரியவில்லை என்று சொன்னால் பாதிப் பொய். புரிந்துகொள்ளாமல் இருக்க எவ்வளவு முடியுமோ அவ்வளவு முயற்சி செய்தேன்.

காலையில் சாப்பாட்டைக்கூட எடுக்காமல் ஏழு மணிக்கே பட்டறைக்கு ஓடினேன். வேறு முளை கிடைக்காது. ஆனால் ஏதோ ஒரு ஆணியை அறுத்தாவது வைத்துவிடலாம் என்று ஒரு யோசனை. ஷட்டர் திறந்திருந்தது. வேனுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"வந்துட்டீங்களாண்ணே? தூக்கமே வரல. ஆறு போல்ட்டு கழட்டிட்டேன். ஜாக்கைப் புடிங்க."

பிடித்தேன். வேறென்ன செய்ய? மீதி இரண்டு போல்ட்டும் வந்தன. கியர் பாக்ஸைப் பின்னால் இழுத்து மெதுவாக இறக்கினோம். கிளட்ச் பிளேட்டின் நடுப்பல் பத்தும் கிழிந்து, செப்பு நிறத் தூள் பொலபொலவென்று கொட்டியது. சகலை டார்ச் அடித்தார். வெளிச்சம் தட்டின்மேல் போனது. அங்கிருந்து இன்ஜினின் முகத்துக்குப் போனது. இடது பக்கம் நின்றது. வலது பக்கம் போனது. மறுபடி இடது பக்கம் வந்தது.

இரண்டு வெற்று ஓட்டைகள். உள்ளே துருகூட இல்லை. நான் துடைத்துவைத்தபடியே சுத்தமாக இருந்தன.

அவர் ஒரு ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டார். விரலை எடுத்துப் பார்த்தார். வண்டிக்கு அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்து, தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. நிம்மதி. கணக்கு சரி என்கிற நிம்மதி. அதற்குப் பின்னால்தான் மற்றது மெதுவாக வந்தது. அதை அவர் வரவிடாமல் பிடித்துக்கொண்டதையும் பார்த்தேன்.

"மறந்திருப்பீங்க அண்ணே" என்றார். "ஆகறதுதான். எனக்கே ஆயிருக்கு. அந்தம்மா வேற வந்து பேச்சுக் குடுத்துக்கிட்டிருந்தாங்க."

ம்ம் என்று ஒரு சத்தம் போதும். போன தடவையும் அது போதுமானதாக இருந்தது. உதட்டைப் பிரிக்கக்கூட வேண்டாம்.

வாசலில் நிழல் விழுந்தது. என் மனைவி நின்றிருந்தாள். கையில் கேரியர். சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. இறக்கி வைத்த கியர் பாக்ஸையும், தரையில் உட்கார்ந்திருந்தவரையும், என்னையும் வரிசையாகப் பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து இதே இடத்தில் நின்று அப்பாவிடம் கேட்பாளாமே, அந்த முகம் இப்படித்தான் இருந்திருக்கும். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"மறக்கல, சகலை" என்றேன்.

அவர் நிமிர்ந்தார்.

"பைல போட்டுக்கிட்டேன். நீங்க கை கழுவிக்கிட்டிருந்தீங்க."

ஏன் என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் என்ன சொல்வது? குழம்பு என்றா? கேக்கில் எழுதின ஒருமை என்றா? அவர் அதைக் கேட்கவில்லை. லேத்தில் நிற்கும்போது வருகிற வறண்ட குரலில் கேட்டார்:

"அப்ப சாட்சி எங்க?"

நான் என் மனைவியைப் பார்த்தேன்.

அவள் உள்ளே வந்தாள். மேஜையின்மேல் கேரியரை வைத்து, கொக்கியைத் தள்ளி, மேல் அடுக்கை மட்டும் எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தாள். என்னுடைய பழைய பனியனில் கிழித்த துண்டு. அதற்குள் இரண்டு முளைகளும் துரு ஏறாமல் சமையல் எண்ணெய் பூசிப் படுத்திருந்தன. பத்து நாளாக அவற்றைத் துடைத்துத் துடைத்துப் பூசி வைத்திருக்க வேண்டும். குழம்பு ஏன் முன்னைவிடச் சிவந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அந்தம்மா பன்னெண்டு மணிக்கு வரேன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க" என்றாள். என்னைப் பார்த்துச் சொன்னாளா, அவரைப் பார்த்துச் சொன்னாளா என்று தெரியவில்லை. அந்த நேரத்திலும், பாழாய்ப் போன என் மனம் அதைத்தான் கவனித்தது.

சொல்லிவிட்டு அவள் போகவில்லை. எண்ணெய் டின்னைக் காலால் நகர்த்தி, புடவையை ஒதுக்கிக்கொண்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.

சகலை கையை நீட்டி ஒரு முளையை எடுத்தார். ஒன்றைத்தான் எடுத்தார். இன்னொன்றை அடுக்கிலேயே விட்டுவிட்டு, மரச் சுத்தியலை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், வண்டிக்கு அடியில் தன் பக்கமாகப் போய்ப் படுத்தார். அவர் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. முளை போய் உட்கார்ந்ததும் சத்தம் மாறும். மந்தமாக இருந்தது கணீரென்று ஆகும். ஆனது.

சத்தம் நின்றது. அவர் வெளியே வரவில்லை.

மற்ற முளையை எடுத்து, நானும் என் பக்கமாகப் போய்ப் படுத்தேன். இன்ஜினுக்கு அந்தப் புறம் அவர் மூச்சு விடுவது கேட்டது. எண்ணெயில் முளை கையை விட்டு நழுவப் பார்த்தது. சுத்தியலை நான் எடுத்துவரவில்லை. தலைக்கு மேலே அந்தக் கருப்பு ஓட்டை திறந்தே இருந்தது. இரண்டு இரும்புக்கும் நடுவில், ஒரு சாண் இடைவெளியில், சுத்தியலின் மரப்பிடி மெதுவாக என் பக்கம் வந்து நின்றது. அதன் மறுமுனையை அவர் கை இன்னும் விடவில்லை.